மாப்பிள்ளை பார்த்தவனுக்கு ஒரு துண்டு

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருக்கிறேன். எந்த வரைபடம் எந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் திருத்தப்பட்டது, யார் கையெழுத்திட்டார்கள் என்று பதிந்து வைப்பதுதான் பிழைப்பு. பகலெல்லாம் கம்பெனியின் தேதிகள். ரோலா பகுதியில் உள்ள வீட்டுக்கு வந்த பிறகு என் சொந்தத் தேதிகள். இங்கே வந்த நாளிலிருந்து வருடத்துக்கு ஒரு நோட்டு என்று நாட்குறிப்பு எழுதுகிறேன். நோட்டின் கடைசிப் பக்கங்களில் அந்த வருடம் புதிதாகத் தெரிந்துகொண்ட சொற்கள் இருக்கும். யாரிடமிருந்து, என்றைக்கு என்பதும் இருக்கும். அரபி, உருது, மலையாளம், தகலாக் என்று நிறையச் சேர்ந்துவிட்டன. லிதுவேனிய மொழியில் ஒரே ஒரு பொருளின் பெயர் இருக்கிறது. ரங்க்ஷ்லுவோஸ்திஸ். துண்டு. அதற்குப் பக்கத்தில் ‘மஞ்சள் கறை, என் தவறு’ என்று எழுதியிருக்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சலாலாவில் வேலை கிடைத்துப் போகும் ஒருவருக்கு ஆபீசில் பிரிவு விருந்து. எங்கள் திட்டப் பிரிவில் ஒரு லிதுவேனியப் பெண் பொறியாளர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. என் மேசைக்கு அடுத்த மேசை. விருந்துக்கு அவர் வீட்டிலேயே சுட்ட கறுப்பு ரொட்டியைக் கொண்டுவந்து பேன்ட்ரி மேசையில் ஒரு துணிமேல் வைத்திருந்தார். நான் எப்போதும்போல் என் சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, டிஷ்யூ டப்பாவைத் தடவினேன். காலி. கண் போனில் இருந்தது. ரொட்டி தீர்ந்து மேசை ஓரத்தில் மடித்துக் கிடந்த அந்தத் துணியில் கையைத் துடைத்தேன். சோப்பு போட்டுக் கழுவினாலும் மஞ்சள் விரலைவிட்டு உடனே போவதில்லை. சாம்பல் நிறத்தில் கட்டம் போட்ட வெள்ளை லினன் துணியில் என் ஐந்து விரல்களும் தெரிந்தன.

அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ மேடம், சாரி. டிஷ்யூ இல்லை, பார்க்காமல்...”

“இதற்கு எங்கள் மொழியில் என்ன பெயர் தெரியுமா?” என்றார். பெயரைச் சொன்னார். என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. இரண்டாக உடைத்துச் சொன்னார். ரங்கா என்றால் கை. மீதி, துடைப்பது. “பெயரில் இருப்பதைத்தான் நீ செய்திருக்கிறாய். நீ ஒருவன்தான் இந்த ஆபீசில் ஒழுங்கான லிதுவேனியன்.”

அவர் சிரித்ததால் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வெளுத்துத் தருகிறேன் என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அது அவருடைய அத்தை தறியில் நெய்த துண்டு. ஜோடியாக நெய்தது. இன்னொன்று எங்கே என்று நான் கேட்டதற்கு, “என் கல்யாணத்தில் ஒரு பொய்யனைக் காப்பாற்றப் போய்விட்டது” என்றார்.

அந்தக் கதையை அன்று மாலை டீ நேரத்தில் சொன்னார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவருக்குப் பிர்ஷ்லீஸ் என்று பெயர். இரண்டாம் நாள் அவரை விசாரணைக்கு நிறுத்துவார்கள். மாப்பிள்ளைக்கு இவ்வளவு நிலம் என்றாயே, எங்கே? குடிக்க மாட்டான் என்றாயே, நேற்று யார் விழுந்து கிடந்தது? குற்றங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். முகத்தில் கரி பூசித் தூக்குத் தண்டனை விதிப்பார்கள். அவர் எல்லோரிடமும் விடைபெற்று அழுவதுபோல் நடிப்பார். கயிறு தயாராகும் நேரத்தில் மணப்பெண் எழுந்து வந்து, அவர் தோளில் ஒரு துண்டைப் போடுவாள். அவ்வளவுதான், அவர் பிழைத்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு வைக்கோல் பொம்மையைத் தொங்கவிடுவார்கள். துண்டு அவருக்கே சொந்தம்.

“உங்களுக்குப் பிர்ஷ்லீஸ் யார்?”

“என் தாய்மாமன்.”

“அவர்மீது சொன்ன குற்றமெல்லாம் உண்மையா?”

“பாதிக்கு மேல்.” இந்தப் பெண்மணி விவாகரத்து ஆனவர் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். “அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“பிறகு ஏன் துண்டைப் போட்டீர்கள்?”

“அவன் பொய் சொல்லவில்லை என்று துண்டு சொல்வதில்லை. தொங்கவிடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறது.”

வீட்டுக்கு வந்து சொல்லையும் கதையையும் எழுதினேன். பிறகு அலமாரியிலிருந்து ஒன்பது வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தவன் நான். மாப்பிள்ளை இதே கம்பெனியில் சாரம் கட்டும் பிரிவில் போர்மேனாக இருந்தவர். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி அவர் ஊர். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார், யாருக்காவது ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பார். தங்கைக்கு அப்போது முப்பத்தொரு வயது. கூடிவந்த இரண்டு இடங்கள் கைவிட்டுப் போயிருந்தன. நான் இவரைப் பற்றிச் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எங்கள் அப்பா நாற்பத்தொரு வயதில் மாரடைப்பில் போனவர். அதனால் அம்மா கேட்டது ஒரே கேள்வி.

“ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையேடா? வெயில்ல கெடந்து வேலை பாக்குற ஆளுங்கிற.”

“கல்லு மாதிரி இருக்கான்மா” என்றேன்.

அந்தப் போன் பேச்சுக்கு நான்கு நாள் முன்பு அவர் சாரத்தின்கீழ் மயங்கி விழுந்தார். கொடுத்துவைத்தவர், மேலே இல்லை, தரையில் நின்றிருந்தார். நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போனேன். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார். திரும்பி வரும்போது டாக்சியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஊர்ல சொல்லிப்புடாதீய. வெறும் வயித்துல நின்னேன், அதான். பொண்ணு வீட்டுல வேற மாதிரி நெனப்பாக.”

“பொண்ணு வீடே நான்தானய்யா” என்றேன்.

“அதான் சார் கேக்குறேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அன்று நடந்ததை நேரத்தோடு எழுதி வைத்தேன். டாக்டர் சொன்னதையும் எழுதினேன். நான்கு நாள் கழித்து அம்மாவிடம் சொன்ன பதிலையும் எழுதினேன். இரண்டும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. நோட்டை மூடினால் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

கல்யாணம் நடந்தது. என்னை மச்சான் என்று கூப்பிட அவருக்கு ஒரு வருடம் ஆனது. “சார்னு பழகுன வாயி, மச்சான்னா கூசுது” என்பார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. தங்கையும் குழந்தையும் ஊரில், அவர் இங்கே தொழிலாளர் கேம்பில். வாரத்தில் ஒரு நாள், நானும் என் மனைவியும் இருக்கும் ரோலா வீட்டுக்குச் சாப்பிட வருவார். மாத்திரையைப் பற்றி முதல் வருடம் இரண்டு முறை கேட்டேன். “அதெல்லாம் சரியாப் போச்சு சார்” என்றார். பிறகு நான் கேட்கவில்லை. அவர் கல்லு மாதிரிதான் இருந்தார். நானும் என் பொய்யை நம்பத் தொடங்கியிருந்தேன்.

லிதுவேனியத் துண்டின் கதையைக் கேட்ட வாரம், அவர் சாப்பிட வந்தபோது கேட்டுவிட நினைத்தேன். மீன் குழம்பு வைத்திருந்தோம். அவர் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கேட்கலாம் என்று விட்டேன். அப்படிப் பதினொரு வாரம் விட்டிருக்கிறேன். நாட்குறிப்பில் அவர் வந்துபோன நாள்களை எண்ணித்தான் சொல்கிறேன்.

ஜனவரியில் ஒரு காலை. வெயில்கூட இல்லை, பனி மூட்டம். தங்கை புருஷன் மறுபடி மயங்கி விழுந்துவிட்டார் என்று பத்து மணிக்குச் சைட்டிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் தேதியை இங்கே நான் எழுதப் போவதில்லை.

காகிதம் என் தொழில். எந்தக் காகிதம் எங்கே போய் யார் முத்திரை வாங்கி எங்கே திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். உடலை ஊருக்குக் கொண்டுபோக மற்றவர்கள் என்றால் பத்து நாள் ஆகியிருக்கும், ஆறு நாளில் முடித்தேன். ஒவ்வொரு மேசையிலும் அவரோடு எனக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். மனைவியின் அண்ணன் என்று ஒவ்வொரு மேசையிலும் சொன்னேன்.

நான் உடலோடு கிளம்பும் அன்று அந்த லிதுவேனியப் பெண்மணி ஆபீஸ் வாசலுக்கு வந்து ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே அந்தத் துண்டு. பல முறை வெளுத்தும் விரல்கள் லேசாகத் தெரிந்தன. “எங்கள் ஊரில் பெட்டியைக் குழிக்குள் இறக்குவதும் இதே துண்டால்தான். கயிறு கடினமாக இருக்கும் என்பார்கள்” என்றார். “உங்களுக்கு உதவுமோ என்னவோ. வைத்துக்கொள்.”

எங்களுக்குக் குழி இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை.

ஊரில் எரித்து முடிந்ததும் முதலில் வந்த பிரச்சினை தேதி. கருமாதிக்குப் பதினாறை எங்கிருந்து எண்ணுவது? அவர் அங்கே செத்த நாளிலிருந்தா, இங்கே எரித்த நாளிலிருந்தா? பங்காளிகளுக்குள் வாக்குவாதம். என்னைக் கேட்டார்கள். “வளைகுடாவுல சாவுற ஆளுக்கெல்லாம் ரெண்டு தேதியப்பா” என்றார் ஒரு பெரியவர். எரித்த நாளிலிருந்து என்று முடிவானது. என் லீவுக்கும் அதுதான் சரியாக வந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம், பதினாறாம் நாள் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பிகள் கோடிச் சேலை கொண்டுபோய், புருஷனை இழந்தவள்மேல் போட வேண்டும். கொடுமையான வழக்கம் என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன், நானும் ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் கடையில் நின்று தங்கைக்கு அந்தச் சேலையை எடுத்தேன். அறந்தாங்கிக் கடையில் பையன் என்ன விசேஷம் என்று கேட்டபோது பதில் சொல்ல வரவில்லை. சேலையைப் பெட்டியில் வைக்கும்போது, உள்ளே அந்த லினன் துண்டு இருந்தது. யாருக்கு யார் துணி போடுவது என்று அப்போதுதான் தோன்றியது.

பதினைந்தாம் நாள் மதியம். எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். தங்கை உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மயக்கம், கிளினிக், மாத்திரை, டாக்சி, அம்மாவின் கேள்வி, என் பதில். பதினொரு வாரம் கேட்காமல் விட்டதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை.

“எழுதி வச்சிருக்கியா?”

“ம்.”

“தேதி போட்டு?”

“ம்.”

“மணியும் போட்டிருப்பியே.”

ஆமாம் என்று தலையசைத்தேன்.

“எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வச்சிட்டு, எங்கிட்ட மட்டும் சொல்லலண்ணே நீ.” குரல் உயரவே இல்லை. “சொல்லியிருந்தாலும் நான் கட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். ஆனா ராவிக்கு ராவு போன்ல மாத்திரை போட்டாச்சான்னு கேட்டிருப்பேன்ல. ஒம்போது வருசம் சாப்பிட்டாச்சான்னு மட்டும் கேட்டேன்.”

பிறகு, “நாளைக்குக் கோடி நீ போட வேணாம். சித்தப்பா போடட்டும்” என்றாள்.

“அம்மாட்ட...”

“அம்மாவுக்குத் தெரிய வேணாம். அது தாங்காது. போ.”

மறுநாள் காலை பந்தலில் ஊரே கூடியிருந்தது. தங்கையை மணையில் உட்கார வைத்தார்கள். சித்தப்பா சேலையைக் கையில் எடுத்ததும் சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சத்தமாகவே கேட்டார்.

“அண்ணங்காரன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். சித்தப்பன் எதுக்குய்யா?”

“கல்யாணத்தப் பேசி முடிச்சதே அவருதானே” என்றார் இன்னொருவர். “என்னப்பா, எதுவும் மனத்தாங்கலா? சபையில சொல்லிப்புடுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். கேள்வியும் நியாயம், கேட்டவரும் நல்லவர். எனக்குச் சொல்வதற்கு உண்மையைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. அதைச் சொல்லிவிட வாயைத் திறந்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

தங்கை தலை நிமிராமல் பேசினாள்.

“அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல. ரெண்டு நாளா மயக்கமா வருதாம். நிக்கவெல்லாம் முடியாது. யாராச்சும் ஒக்கார வைங்க.”

உடனே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. இரண்டு பேர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒருவர் சோடா உடைத்துக் கொடுத்தார். “பாவம், அலைச்சல். பாடிய ஆறு நாள்ல கொண்டாந்து சேத்த மனுசன்” என்று யாரோ சொன்னார்கள். நோய்நொடி ஒன்றும் இல்லாமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா சேலையை அவள்மேல் போட்டார். துணிக்குள் அவள் முகம் தெரியவில்லை.

கிளம்பும் அன்று அவளிடம் போய்வருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

ஷார்ஜாவுக்குத் திரும்பிய திங்கட்கிழமை, துண்டை மடித்து அந்தப் பெண்மணியின் மேசையில் வைத்தேன். பயன்படவில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். முழுக்கச் சொன்னேன். நாட்குறிப்பை, கடையை, பந்தலை, சோடாவைக்கூட.

அவர் நீண்ட நேரம் துண்டைத் தடவிக்கொண்டிருந்தார். “பிர்ஷ்லீஸ் துண்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை” என்று என் பக்கம் தள்ளினார். பிறகு, “உன் தங்கை உன்னோடு பேசுகிறாளா?” என்றார்.

“இல்லை. என் மனைவியிடம் பேசுகிறாள்.”

“என் மாமனிடம் நானும் நாலு வருடம் பேசவில்லை” என்றார். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. போன கோடையில் அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

துண்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கை துடைக்க நான் டிஷ்யூதான் எடுக்கிறேன்.

இப்போது அம்மாவோடு இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவிக்குப் போன் செய்வாள். மனைவிக்கு எல்லாம் தெரியும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமையல் வேலையைப் பார்ப்பாள். நான் ஹாலில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது தங்கைக்கும் தெரியும். குழந்தையின் பள்ளிக்கூடம், தையல் வகுப்பு, ஊர்ச் செய்தி. கடைசியில், அம்மா பக்கத்தில் வந்து உட்காரும் சத்தம் கேட்கும். அப்போது தங்கை கேட்பாள்.

“அண்ணனுக்கு ஒடம்பு இப்ப எப்படி இருக்கு, அண்ணி?”

மனைவி என்னைப் பார்ப்பாள். “இப்பத் தேவல” என்பாள்.

“மயக்கம் ஏதும்?”

“இல்ல.”

பின்னால் அம்மாவின் குரல் ஏதோ சொல்லும். தங்கை அதை அப்படியே சொல்வாள். “மாத்திரைய விட்டுடக் கூடாதாம், அம்மா சொல்லுது.”

அதோடு போன் வைக்கப்படும். அந்தக் கேள்வி அம்மாவின் காதுக்காகக் கேட்கப்படுகிறதா, அதில் எனக்கும் ஏதாவது பங்கு உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்டாள் என்று மட்டும் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். இதுவரை ஒரு ஞாயிறும் விட்டுப்போகவில்லை.